சந்தேகம் வந்தாலும் ஓட வேண்டிய எஞ்சின்

1991 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தை மாஸ்டா நிறுவனத்தின் 787பி வென்றது. அந்தக் காரின் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார்கள் நான்கு, ஒரே அச்சில் வரிசையாகச் சுழன்று ஒரு பகலையும் ஓர் இரவையும் தாக்குப்பிடித்தன. அமெரிக்காவில் சொந்தக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் இந்தக் குடும்பத்து எஞ்சினையே விரும்பிப் பொருத்துகிறது. அவர்கள் எடுத்துக்கொள்வது ஆர்எக்ஸ்-7 கார்களில் வந்த, இரண்டு ரோட்டார் கொண்ட 13பி. பழைய காரிலிருந்து கழற்றி எடுத்துப் புதுப்பித்தால், புதிய விமான எஞ்சினின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

இந்த எஞ்சினோடு பறந்தவர்களின் அனுபவம் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறது: ரோட்டாரும் அதன் உறையும் பிழைத்துக்கொள்ளும், தடுமாறுவது அவற்றைச் சுற்றி வீட்டில் பொருத்தப்பட்டவை. பெட்ரோல், மின்சாரம், குளிர்ச்சி, கியர் பெட்டி ஆகிய நான்கில் ஒன்று கைவிட்டால் உறுதியான எஞ்சினும் நின்றுவிடும். பெட்ரோலும் அதைப் பீய்ச்சும் மின்சாரமும் பற்றியதே இந்தக் கட்டுரை. ஏனென்றால், கட்டுபவரின் அறிவும் பொறுமையும் அதிகம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களில் சிலிண்டர்களே சுற்றிய எஞ்சின்களுக்கும் ரோட்டரி என்றுதான் பெயர். நாம் பேசும் ரோட்டரி வேறு வகை. அது ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் உருவாக்கியது; 1957-இல் முதன்முதலாக ஓடியது. அதன் உரிமத்தை வாங்கி, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்து நம்பகமாக்கியது மாஸ்டா. புளோரிடாவின் டிரேசி க்ரூக் தம் ஆர்வி-4 விமானத்தில் 13பி-ஐப் பொருத்திப் பல ஆண்டுகள் பறந்தார். இதற்கென்றே கியர் பெட்டியும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இரட்டைக் கணினிப் பெட்டியும் செய்து விற்றார். ரோட்டரி விமானக்காரர்கள் இன்று பொதுவிதியாக வைத்திருக்கும் பல நடைமுறைகள் இத்தகைய தனிமனிதர்களின் கொட்டகைகளில் பிறந்தவை.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டினால், 'சோதனை வகை' என்ற பெயரில் பறக்க அனுமதி உண்டு. எஞ்சினுக்குச் சான்றிதழ் தேவையில்லை. சான்று பெற்ற எஞ்சினும் அதற்குரிய சுழல்விசிறியும் பொருத்தியவருக்கு வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறத்தல் போதும். கார் எஞ்சின் பொருத்தியவருக்கு 40 மணி நேரம். இந்தக் கூடுதல் 15 மணி நேரத்தைத் தவிர, தொழிற்சாலையும் அரசும் பல ஆண்டுகள் செய்யும் சோதனைக்கு ஈடாக இங்கே இருப்பது கட்டுபவரின் மனச்சாட்சி ஒன்றுதான்.

நம் நாட்டு அனுபவத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானத்துக்காக அகமத்நகரின் ராணுவ வாகன ஆய்வு நிறுவனமும், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும், வானூர்தி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 55 குதிரைத்திறன் கொண்ட வாங்கெல் எஞ்சினை உருவாக்கின. அது 2009-இல் கோலார் அருகே பறந்தது. மூன்று அரசு ஆய்வகங்கள், சோதனை மேடைகள், உள்ளே ஆளே இல்லாத விமானம். கொட்டகையில் கட்டுபவரோ அதே வகை எஞ்சினை நம்பித் தானே உட்கார்ந்து பறக்கப் போகிறார்.

எரிபொருள் பீய்ச்சலின் சிக்கலைப் புரிந்துகொள்ள எஞ்சினின் தாளம் தெரிய வேண்டும். ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும்போது நடு அச்சு மூன்று சுற்றுச் சுற்றும். ரோட்டாருக்கு மூன்று முகங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு சுற்றில் ஒருமுறை காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளும். ஆகவே அச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டாரிலும் ஓர் எரிதல் நடந்துவிடும். நான்கு வீச்சுப் பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல். 13பி-யின் அறை ஒவ்வொன்றும் 654 கன சென்டிமீட்டர், பெயரளவில் 1.3 லிட்டர் எஞ்சின். ஆனால் காற்று குடிக்கும் அளவில் 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம்.

விமானத்தில் இந்த அச்சு நிமிடத்துக்கு 6,000 சுற்று வாக்கில் ஓடும், 2.85-க்கு 1 என்ற கியர் அதைச் சுழல்விசிறிக்கு ஏற்ற 2,100 சுற்றுக்குக் குறைக்கும். 6,000 சுற்றில் ஒரு சுற்றின் காலம் 10 மில்லி நொடி. அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, தேவையான பெட்ரோலைப் பீய்ச்சி, மூடிக்கொள்ள வேண்டும். அதே வேகத்தில் ஓடும் பிஸ்டன் எஞ்சினின் இன்ஜெக்டருக்கு 20 மில்லி நொடி அவகாசம் உண்டு. பாதி நேரத்தில் வேலையை முடிக்கப் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். பெரிய இன்ஜெக்டரோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகச் சிறிய அளவைத் துல்லியமாகத் தராது. திறப்பதற்கே ஏறத்தாழ ஒரு மில்லி நொடி போய்விடும்.

மாஸ்டா இதற்குக் கண்ட தீர்வு, ரோட்டாருக்கு இரண்டாக மொத்தம் நான்கு இன்ஜெக்டர்கள். காற்றுத் துளைக்கு அருகில் இருக்கும் முதல் ஜோடி எப்போதும் வேலை செய்யும். சற்று மேலே உறிஞ்சுகுழாயில் இருக்கும் இரண்டாம் ஜோடி, சுமை கூடும்போது சேர்ந்துகொள்ளும். காரில் இது எரிபொருள் சிக்கனத்துக்கும் சீரான ஓட்டத்துக்கும் செய்த ஏற்பாடு. விமானத்தில் அதுவே ஓர் உயிர்காப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 40 கிலோ, அதாவது 55 லிட்டர் பெட்ரோல் தேவை. நிமிடத்துக்கு 460 மில்லி லிட்டர் தரும் இன்ஜெக்டர்கள் இரண்டு, நேரத்தில் 85 விழுக்காடு திறந்திருந்தால் மணிக்கு 47 லிட்டர் தரும். ஒரு ஜோடி முழுதாகச் செயலிழந்தாலும் மற்ற ஜோடியைக் கொண்டு 130 குதிரைத்திறன் வாக்கில் எடுத்து, நிலைமட்டத்தில் பறந்து ஓடுபாதையைத் தேடிப் போகலாம். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரு ஜோடி போய்விட்டது என்று கணினிக்குத் தெரிய வேண்டும், அல்லது விமானி அதைச் சொல்லும் சுவிட்ச் இருக்க வேண்டும். இரண்டு ஜோடிகளுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரே ஃபியூஸில் கட்டிவிட்டால் மாஸ்டா கொடுத்த வரம் வீணாகிறது.

இரண்டாம் ஜோடி சேரும் அந்தத் தருணமும் கவனத்துக்குரியது. இரண்டு இன்ஜெக்டர்கள் நான்காகும் நொடியில் ஒவ்வொன்றும் திறக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இரு ஜோடிகளின் அளவும் வேறுபட்டாலோ கணினியின் அட்டவணை சரியாக இல்லாவிட்டாலோ கலவை திடீரென்று மெலிந்தோ தடித்தோ போகும். எஞ்சின் ஒரு நொடி விக்கும். ஓடுபாதையை நெருங்கி, தாழ்ந்த உயரத்தில், விமானி த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இறங்கும்போதுதான் இந்த எல்லையைத் திரும்பத் திரும்பக் கடக்க நேரிடும். தரையில் விமானத்தைக் கட்டி நிறுத்தி, அந்த எல்லையை மேலும் கீழும் பலமுறை கடந்து பார்க்காமல் முதல் பறத்தலுக்குப் போவது தவறு என்றே சொல்வேன்.

இங்கே இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். காரில் எஞ்சின் நின்றால் சாலையோரம் ஒதுங்கலாம். அதனால் காரின் கணினிக்குப் பொறியாளர்கள் கற்றுக்கொடுத்த விதி, சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது. அச்சு உணரியிலிருந்து துடிப்பு வரவில்லையா, பெட்ரோல் பம்பை நிறுத்து. சூடு அதிகமா, திறனைக் குறை. சாவி சரியில்லையா, தீப்பொறி கொடுக்காதே. ஒவ்வொன்றும் சாலையில் நியாயமானது. விபத்துக்குப் பிறகு ஓடிக்கொண்டே இருக்கும் பம்ப் காரை எரித்துவிடும். ஆனால் 150 மீட்டர் உயரத்தில் மேலேறிக்கொண்டிருக்கும் விமானத்தில், ஓர் உணரியின் கம்பி தளர்ந்ததற்காகப் பம்ப் நின்றால், காப்பாற்ற வந்த விதியே கொன்றுவிடும். வானத்தின் விதி நேர் எதிர்: சந்தேகம் வந்தாலும் ஓடு, எஞ்சின் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, விமானி இறங்கும்வரை ஓடு. கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றுவதில் கடினமான வேலை இந்த விதியை ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு குழாயிலும் திருப்பி எழுதுவதுதான். எஞ்சினைத் தாங்கும் சட்டமும் கியர் பெட்டியும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். அவற்றைப் பலர் அழகாகச் செய்துவிடுகிறார்கள். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது.

குழாய்களிலிருந்து தொடங்குவோம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்லிய அழுத்தத்தில் வந்தால் போதும். இன்ஜெக்டருக்கு 2.5 முதல் 3 பார் வரை வேண்டும். மின்பம்ப் எஞ்சினின் தேவையைவிடப் பல மடங்கு தள்ளும். ரெகுலேட்டர் அழுத்தத்தை நிலைநிறுத்தி மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். இந்தத் திரும்பு குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஆர்வி போன்ற தாழ்சிறகு விமானத்தில் இரண்டு சிறகிலும் தொட்டி உண்டு. விமானி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குடிக்கச் செய்வார். வலத் தொட்டியிலிருந்து மணிக்கு 120 லிட்டர் உறிஞ்சி, 35 லிட்டரை எரித்து, மீதி 85 லிட்டரை இடத் தொட்டிக்குத் திருப்பினால் என்ன ஆகும்? வலத் தொட்டியில் 60 லிட்டர் இருக்கிறது, ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் வரும் என்று விமானி நம்புவார். அது அரை மணி நேரத்தில் வற்றிவிடும். இடத் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால், திரும்பிய பெட்ரோல் தொட்டியின் காற்றுத் துளை வழியே வெளியே கொட்டியிருக்கும். உறிஞ்சுவதையும் திரும்புவதையும் ஒரே கைப்பிடியில் சேர்த்து மாற்றும் இரட்டை வால்வு இதற்குத் தெளிவான தீர்வு. விலை கூடுதல்தான், இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சிலர் சிறகுத் தொட்டிகளுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சில லிட்டர் கொள்ளும் சிறுதொட்டி வைத்து, பம்ப் அதிலிருந்து எடுத்து அதற்கே திருப்பும்படி அமைப்பார்கள். தேர்வு வால்வுச் சிக்கல் போய்விடும். ஆனால் எஞ்சின் அறையின் சூட்டை வாங்கிய பெட்ரோல் அந்தச் சிறுதொட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேலும் சூடாகும். ஆவி மேலே தேங்கும். ஆவி பெரிய தொட்டிக்குப் போக மேல்நோக்கிய காற்றுக்குழாய் இல்லையென்றால், ஒரு கட்டத்தில் பம்ப் ஆவியைத்தான் உறிஞ்சும். மின்பம்ப் தள்ளுவதில் வல்லது, இழுப்பதில் பலவீனமானது. அதனால் பம்பை எஞ்சின் அறையிலிருந்து விலக்கி, தொட்டிக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக வைப்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில் வளைவும் நீளமும் குறைய வேண்டும். கார்ப் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். குளிர்காலத்துக்கென்று தயாரித்த பெட்ரோல் தொட்டியில் மிச்சமிருக்க, வெயிலில் நின்ற விமானம் உடனே மேலேறினால் ஆவிச் சிக்கலுக்கான எல்லாமே சேர்ந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு கவலை: அது சில வகை ரப்பரையும், கண்ணாடியிழைத் தொட்டிகளின் சில பிசின்களையும் மென்மையாக்கும்.

இரண்டு பம்ப் வைத்தேன், ஆகவே பாதுகாப்பு என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இரண்டுக்கும் முன்னால் ஒரே வடிகட்டியா? அது அடைத்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். புதிய தொட்டியிலிருந்து சீலண்ட் துணுக்கும் இழைத் தூசியும் அதிகம் வருவது முதல் சில மணி நேரங்களில்தான். இணையாக வைத்த பம்புகளில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா? இல்லாவிட்டால் ஓடும் பம்ப் தள்ளுவது நிற்கும் பம்ப் வழியே திரும்பிவிடும். இரண்டுக்கும் ஒரே பூமிக் கம்பியா?

மின்சாரத்துக்கு வருவோம். வழக்கமான விமான எஞ்சினில் மேக்னெட்டோ தானே தீப்பொறி உண்டாக்கும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். அந்த ஏற்பாட்டின் அருமையை மின்பீய்ச்சலுக்கு மாறிய பிறகுதான் முழுதாக உணர முடிகிறது. 13பி-யில் ரோட்டாருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு, விமான எஞ்சினைப் போலவே. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் நான்கு பிளக்குகளும், நான்கு இன்ஜெக்டர்களும், இரண்டு பம்புகளும், கணினியும் ஒரே பேட்டரியின் ஒரே முனையில் தொங்கினால், அந்த முனையின் ஒரு திருகாணிதான் எஞ்சினின் உயிர். பல அமைப்புகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் நின்றபின் எத்தனை நேரம் பறக்கலாம்? எஞ்சின் தேவைகளுக்கு மட்டும் 15 முதல் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 17 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி, காகிதக் கணக்கில் 20 ஆம்பியரில் 51 நிமிடம் தரும். ஆனால் அந்த அளவு 20 மணி நேரம் மெல்லக் கறந்தால் கிடைப்பது. வேகமாகக் கறந்தால் குறையும். வயதானால் இன்னும் குறையும். அரை மணி நேரத்துக்கு மேல் நம்பாமல் இருப்பதே நல்லது. இந்தத் துறையில் பாப் நக்கல்ஸ் எழுதிய விமான மின்னமைப்பு நூல் பலருக்கு வழிகாட்டி. மின்பீய்ச்சல் எஞ்சினுக்கு இரண்டு பேட்டரிகள், எஞ்சினுக்கென்று தனிப்பாதை என்ற சிந்தனையை அது விரிவாக வரைந்து காட்டுகிறது. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி மின்னழுத்தம் எகிறினால், இரண்டு கணினிகளும் ஒருசேரக் கருகும். அதைத் துண்டிக்கும் காப்பு இல்லாமல் இரட்டைக் கணினி வைப்பதில் பொருளில்லை. பம்பின் சுவிட்ச் கணினியின் கையில் இல்லாமல் விமானியின் கையில் இருக்க வேண்டும். அப்போது ஒரு கடமையும் அவருக்கு வந்து சேர்கிறது: கட்டாயத் தரையிறக்கத்தில், தரையைத் தொடுமுன் அதை அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நேரத்தில் பம்ப் ஓடி ஓர் இன்ஜெக்டர் கசிந்தால், ரோட்டார் அறை பெட்ரோலில் நனையும். அப்படி நனைந்த ரோட்டரி எஞ்சின் எளிதில் மீண்டும் தொடங்காது.

கணினி காற்றின் அளவை உறிஞ்சுகுழாயின் அழுத்தத்திலிருந்து கணிக்கிறது. அழுத்த உணரிக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றால், முழு த்ராட்டில் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். பார்வைக்கு அற்பமான அந்தக் குழாய்க்கு இறுக்கு வளையம் போடாமல் விடக் கூடாது. காரில் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் உணரியை இங்கே நிரந்தரமாக நம்ப முடியாது. ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அட்டவணையைத் தயாரிக்கும்போது அதைப் பயன்படுத்திவிட்டு, பிறகு உணரி பொய் சொன்னாலும் எஞ்சின் ஓடும்படி விட வேண்டும். கலவை மெலிந்து வெடிப்பு அதிர்வு வந்தால் ரோட்டார் முனையின் சீல் உடையும். அப்போதும் இந்த எஞ்சின் பெரும்பாலும் நின்றுவிடாது; திறன் குறைந்து மற்ற ரோட்டாரில் ஓடும். அந்த முனை சீலுக்கு எண்ணெய் வேண்டும். அதை அளந்து ஊட்டும் காரின் சிறு எண்ணெய்ப் பம்பை அகற்றியவர்கள் பெட்ரோலிலேயே இருவீச்சு எஞ்சின் எண்ணெயைக் கலக்கிறார்கள், 128-க்கு 1 என்ற அளவில். வெளியூரில் பெட்ரோல் போடும்போதும் அந்தக் குப்பி கையில் இருக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரோட்டரியின் புகை, பிஸ்டன் எஞ்சினுடையதைவிடச் சூடு. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். அதற்குச் சில அங்குலத்தில் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் குழாய் போகிறது. கார்புரேட்டர்க் குழாயில் தளர்ந்த இணைப்பு சொட்டும். இங்கே அது மெல்லிய தூவலாகப் பீய்ச்சும். காற்றோடு கலந்த தூவல் தீக்குக் காத்திருக்கிறது. 45 பாகை சாய்ந்த வாகனப் பொருத்தியையும் 37 பாகை சாய்ந்த விமானப் பொருத்தியையும் மாற்றி முடுக்கினால், பார்க்கப் பொருந்தியது போலிருக்கும், அதிர்வில் கசியும். தீயுறை போட்ட குழாய்கள், புகைக்குழாய்க்கும் பெட்ரோலுக்கும் நடுவே தகடு, எஞ்சின் அறைக்கு வெளியே மூடும் வால்வு இவையெல்லாம் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். பீய்ச்சலின் ஆதாயத்தையும் மறைக்கக் கூடாது: ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி உறைந்து எஞ்சின் நிற்கும் பழைய ஆபத்து இதில் பெரும்பாலும் இல்லை. சரியாகச் செய்தால் பீய்ச்சலே நல்ல வழி என்பது என் முடிவு.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வீட்டில் கட்டிய விமானங்களின் பாதுகாப்பைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. எல்லா வகை எஞ்சின்களும் சேர்ந்த ஆய்வு அது. தனியார் விமானங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருந்த இந்த வீட்டு விமானங்கள், 2011-இல் விபத்துகளில் சுமார் 15 விழுக்காட்டையும் உயிர்ப்பலி விபத்துகளில் 21 விழுக்காட்டையும் தந்தன. எஞ்சின் தொகுதி கைவிடுவதும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் முதன்மைக் காரணங்கள். அந்த ஆண்டு ஆராய்ந்த விபத்துகளில் பாதிக்கு மேல், வேறொருவர் கட்டி விற்ற விமானங்களுக்கு நேர்ந்தவை. எந்தச் சுவிட்ச் எந்த ஜோடி இன்ஜெக்டரை நிறுத்தும், திரும்பு குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பது கட்டியவர் தலைக்குள் மட்டும் இருந்தால், வாங்கியவர் அதை அறிய வழியில்லை.

முதல் அனுமதிக்கு முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்து ஆவணப்படுத்த வேண்டும் என்று அந்த வாரியம் பரிந்துரைத்தது. சோதனை எளியது. விமானத்தின் மூக்கை, ஏறக்கூடிய உச்சக் கோணத்தைவிட 5 பாகை அதிகமாக உயர்த்தி, குறைந்த பெட்ரோலோடு ஓட்டத்தை அளக்க வேண்டும். பம்ப் உள்ள அமைப்புக்கு, எஞ்சினின் உச்சத் தேவையைப் போல ஒன்றேகால் மடங்கு வர வேண்டும்; 160 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 69 லிட்டர். பீய்ச்சல் அமைப்பில் ஒரு கூடுதல் கவனம்: குழாயைத் திறந்து விட்டு அளந்தால் கணக்கு தவறும், ஏனெனில் அழுத்தம் ஏறினால் பம்பின் ஓட்டம் இறங்கும். ரெகுலேட்டர் தன் அழுத்தத்தில் நிற்க, இரண்டு பம்பையும் தனித்தனியாக, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும், பேட்டரி மின்னழுத்தத்தில் மட்டும் ஓட்டி அளக்க வேண்டும். ரோட்டரி விமானம் கட்டுபவர்களும், கட்டியதை வாங்குபவர்களும் இந்த ஒரு சோதனையை முடித்து, எண்களைக் காகிதத்தில் எழுதி, விமானத்தின் பதிவேட்டில் வைத்த பிறகே ஓடுபாதைக்குப் போகட்டும்.